25 கிராம் கரி

சென்னையிலிருந்து திருச்சிக்கு ஒரு டீசல் கார் போய்க்கொண்டிருக்கிறது. மேல்மருவத்தூரைத் தாண்டும் இடத்தில், யாரும் எந்தப் பொத்தானையும் தொடாமலே, காரின் அடியில் ஒரு தீ மூள்கிறது. வெப்பநிலை 600 டிகிரி செல்சியஸை எட்டுகிறது. கால் மணி நேரம் எரிந்து, திண்டிவனம் வருவதற்குள் அடங்கிவிடுகிறது. உள்ளே பாட்டு நிற்கவில்லை, பின்னிருக்கையில் தூங்கும் பிள்ளை விழிக்கவில்லை, ஓட்டுபவருக்குச் சேதியே தெரியாது. ஐந்நூறு அறுநூறு கிலோமீட்டர் கழித்து அது மறுபடி மூளும்.

இதில் பயப்பட ஒன்றுமில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 விதிக்கு உட்பட்ட டீசல் கார்களில் இப்படித்தான் நடக்க வேண்டும். நடக்காமல் போனால்தான் தலைவலி. எஞ்சினிலிருந்து வரும் புகையில் உள்ள கரித்துகளை ஒரு பீங்கான் வடிகட்டி பிடித்து வைத்துக்கொள்கிறது. பிடித்ததை எங்காவது கொட்டியாக வேண்டுமே? அதை இருந்த இடத்திலேயே எரித்துக் காற்றாக்கிவிடுகிறார்கள். வடிகட்டியின் முழுப்பெயர் டீசல் பார்ட்டிகுலேட் ஃபில்டர், ஒர்க்‌ஷாப்பில் டிபிஎஃப். எரிப்பின் பெயர் ரீஜெனரேஷன், ஒர்க்‌ஷாப்பில் ரீஜென்.

கரி எப்படிப் பிறக்கிறது என்பது கண்மை செய்த நம் பாட்டிமாருக்குத் தெரியும். விளக்கெண்ணெய் விளக்கின் சுடர்மேல் பித்தளைத் தட்டைக் கவிழ்த்து மை பிடிப்பார்கள். சுடரின் நடுவில் எண்ணெய் ஆவி நிறைய இருக்கிறது, காற்று போதவில்லை. சூட்டில் ஆவி சிதைந்து அதிலுள்ள கார்பன் நுண்மணிகளாகத் திரள்கிறது. சுடருக்கு மஞ்சள் ஒளியைத் தருவதே கனன்றுகொண்டிருக்கும் அந்த மணிகள்தாம். விளிம்புக்கு வந்து காற்றைச் சந்தித்ததும் அவை எரிந்து மறைந்துவிடும். குறுக்கே தட்டை வைத்தால், எரியும் முன்பே குளிர்ந்து தட்டில் ஒட்டிக்கொள்ளும்.

டீசல் சிலிண்டருக்குள்ளும் இதேதான், ஆனால் நொடியில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள். சாதாரண பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளும் காற்றும் முன்கூட்டியே கலந்துவிடுகின்றன. அப்புறம்தான் ஸ்பார்க் பிளக்கின் பொறி. 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக்காட்டிய எஞ்சின் வேறு வழியில் போயிற்று. அதில் வெறும் காற்றை நசுக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டுக்குள் எரிபொருளைச் செலுத்துவார்கள். இன்றைய கார்களில் மயிரிழை போன்ற துளைகள் வழியாக 2000 பார் அளவு அழுத்தத்தில் டீசல் பீய்ச்சப்படுகிறது. கலப்பதும் எரிவதும் ஒரே சமயத்தில் நடப்பதால், தாரையின் நடுப்பகுதியில் எப்போதும் காற்றுப் பஞ்சம். அங்கே பிறக்கும் கரியில் மிகப் பெரும்பகுதி சிலிண்டருக்குள்ளேயே எரிந்துவிடுகிறது. எஞ்சியது கிலோமீட்டருக்குச் சில பத்து மில்லிகிராம். அது புகைக்குழாய்க்கு வருகிறது.

சில பத்து மில்லிகிராம் என்பது ஒரு சிட்டிகைகூட இல்லை. ஆனால் இங்கே எடையைவிட எண்ணிக்கைதான் பொல்லாதது. ஒவ்வொரு துகளும் ஏறத்தாழ 0.1 மைக்ரான், நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை போய்ச் சேரும் அளவு. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று 2012 ஜூனில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. பிஎஸ்-4 விதி ஒரு டீசல் காருக்குக் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் துகள் வரை அனுமதித்தது. பிஎஸ்-6இல் அது 4.5 மில்லிகிராம். கூடவே எண்ணிக்கைக்கும் ஒரு வரம்பு வந்தது: கிலோமீட்டருக்கு 60,000 கோடி துகள். கேட்கத் தாராளமாகத் தெரியும். வடிகட்டி இல்லாத டீசல் கார் அதைப்போல ஐம்பது, நூறு மடங்கு துப்பிக்கொண்டிருந்தது.

எஞ்சினை இன்னும் நன்றாக வடிவமைத்துக் கரியே வராமல் செய்யக் கூடாதா என்றால், அதில் ஒரு சங்கடம் இருக்கிறது. எரிதல் சூடாக நடந்தால் கரி குறையும், நைட்ரஜன் ஆக்சைடுகள் கூடும். புகையில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே அனுப்பிச் சூட்டைத் தணித்தால் நைட்ரஜன் ஆக்சைடுகள் குறையும், கரி கூடும். ஒன்றை அமுக்கினால் மற்றது எழும்பும். வடிகட்டி வந்த பிறகு பொறியாளர்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்தது. கரி வந்தால் வரட்டும், பின்னால் பிடித்துக்கொள்ளலாம். (சில கார்களில் தனி டேங்கில் ஊற்றும் டிஇஎஃப் திரவம் நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கானது. அதற்கும் டிபிஎஃப்புக்கும் நேரடி உறவில்லை; இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.)

வடிகட்டியைப் பார்ப்போம். கார்டியரைட் என்ற பீங்கானாலோ சிலிக்கான் கார்பைடாலோ ஆன ஓர் உருளை; கொள்ளளவு இரண்டரை லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் நீளவாக்கில் ஒன்றரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஆயிரக்கணக்கான சதுரக் குழல்கள். ஒன்றுவிட்டு ஒன்று முன்பக்கம் அடைக்கப்பட்டிருக்கும். மற்றவை பின்பக்கம் அடைக்கப்பட்டிருக்கும். முன்பக்கம் நுழைந்த புகைக்கு நேர்வழி கிடையாது. பக்கத்துச் சுவரைத் துளைத்து அடுத்த குழலுக்குள் போனால்தான் வெளியேற முடியும். அத்தனை சுவர்களையும் விரித்துப் போட்டால் இரண்டு சதுர மீட்டருக்கு மேல் வரும்.

இனி வேடிக்கை. அந்தச் சுவரில் உள்ள நுண்துளைகள் 10 முதல் 20 மைக்ரான் வரை அகலம். துகளோ 0.1 மைக்ரான். துளை நூறு மடங்குக்கு மேல் பெரியது! சல்லடை என்று நினைத்தால் இது எதையுமே பிடிக்கக் கூடாது. பிடிப்பது எப்படி? அவ்வளவு சிறிய துகள் நேர்கோட்டில் போவதில்லை. சுற்றியுள்ள வாயு மூலக்கூறுகள் எல்லாப் பக்கமிருந்தும் மோதுவதால் அது தள்ளாடித் தள்ளாடிப் போகிறது. 1827இல் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் நீரில் மிதந்த மகரந்தத் துணுக்குகளிடம் கண்ட அதே தள்ளாட்டம்தான். வளைந்து நெளிந்து போகும் துளைக்குள் தள்ளாடிக்கொண்டே போகிறவன் எங்காவது சுவரில் இடித்துத்தானே ஆக வேண்டும். இடித்த இடத்தில் ஒட்டிக்கொள்கிறான். அவன்மேல் அடுத்தவன். சிறிது நேரத்தில் சுவர்மேல் கரியே ஒரு படலமாகப் படிகிறது. அதற்குப் பிறகு வடிகட்டும் வேலையைப் பெரும்பாலும் செய்வது கரிதான்; பீங்கான் அதைத் தாங்கி நிற்கிறது.

ஆகவே புத்தம்புது வடிகட்டியைவிட ஓரளவு அழுக்கான வடிகட்டி நன்றாக வடிகட்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது துகளை அது பிடித்துவிடும். நன்றாகப் பராமரித்த டிபிஎஃப் கார் ஒன்றின் சைலன்சர் முனையில் விரலை விட்டுப் பாருங்கள் (ஆறிய பிறகு). பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடியும் விரலில் கரி ஒட்டாது. பழைய டீசல் வண்டியில் இதைச் செய்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

கார்களில் இதைப் பொருத்தும் முயற்சி நாற்பது ஆண்டுப் பழமை உடையது. 1985இல் மெர்சிடிஸ் பென்ஸ் கலிஃபோர்னியாவில் விற்ற டீசல் கார்களில் ஒரு துகள்பொறியைப் பொருத்தியது. அது நீடிக்கவில்லை, சீக்கிரமே கைவிட்டார்கள். பிடிப்பது அப்போதே முடிந்துவிட்டது. பிடித்ததை எரிப்பதுதான் பிடிபடவில்லை. கரி தானாகப் பற்றிக்கொள்ள ஏறத்தாழ 600 டிகிரி வேண்டும். ஊருக்குள் நிதானமாக ஓடும் டீசல் காரின் புகை 200 டிகிரியைத் தாண்டுவதே அபூர்வம். இந்த 400 டிகிரி இடைவெளியை என்ன செய்வது என்பதில்தான் டிபிஎஃப்பின் மொத்த வரலாறும் அடங்கியிருக்கிறது.

இரண்டு பக்கத்திலிருந்து விடை வந்தது. பிரிட்டனின் ஜான்சன் மேத்தே நிறுவன ஆய்வாளர்கள் 1989இல் வெளியிட்ட வேதியியல் ஒன்று. ஆக்சிஜனால் கரியை எரிக்க 600 டிகிரி வேண்டும். நைட்ரஜன் டை ஆக்சைடோ 250 டிகிரிக்கு மேலேயே அந்த வேலையைத் தொடங்கிவிடும். புகையில் ஏற்கெனவே நைட்ரிக் ஆக்சைடு இருக்கிறது. வடிகட்டிக்கு முன்னால் பிளாட்டினம் பூசிய வினையூக்கி ஒன்றை வைத்தால், அது நைட்ரிக் ஆக்சைடை நைட்ரஜன் டை ஆக்சைடாக மாற்றித் தரும். ஒரு விஷத்தைக் கொண்டு இன்னொரு விஷத்தை எரிக்கும் இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு தனி மோகம் உண்டு. நெடுஞ்சாலையில் சுமையோடு போகும்போது இது சத்தமில்லாமல் நடந்துகொண்டே இருக்கும். ஆனால் டீசலில் கந்தகம் இருந்தால் பிளாட்டினம் முடங்கிப்போகும். பிஎஸ்-6 வண்டிகள் வரும் முன் டீசலின் கந்தக அளவைப் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்க நம் சுத்திகரிப்பு ஆலைகள் பெரும் செலவு செய்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மற்ற விடை பிரான்ஸிலிருந்து வந்தது. 2000இல் பெஜோ நிறுவனம் தன் 607 காரில் பொருத்திய வடிகட்டிதான் பெருமளவில் விற்பனைக்கு வந்த முதல் வெற்றி. சீரியம் கலந்த ஒரு திரவத்தைத் தனி டேங்கிலிருந்து சிறிது சிறிதாக டீசலில் கலந்தார்கள். அது கரிக்குள்ளேயே புகுந்துகொண்டு, பற்றும் வெப்பநிலையை 450 டிகிரிக்கு அருகே இறக்கியது. மீதிச் சூட்டுக்கு எஞ்சினையே அடுப்பாக்கினார்கள். சீரியம் இல்லாத இன்றைய பெரும்பாலான கார்களிலும் இந்தப் பின்பாதி அப்படியே இருக்கிறது.

அது நடக்கும் விதம் இது. வழக்கமாக டீசல் பீய்ச்சப்பட்டு, எரிந்து, பிஸ்டன் கீழே தள்ளப்படும். ரீஜெனின்போது பிஸ்டன் பாதிக்கு மேல் இறங்கிய பிறகு இன்னொரு சிறு அளவு டீசல் உள்ளே விடப்படுகிறது. வேலை செய்யும் காலம் கடந்துவிட்டதால் அது சக்கரத்தைச் சுற்ற உதவாது. எரியாத ஆவியாகப் புகையோடு வெளியேறி, பிளாட்டினம் வினையூக்கியின் மேல் சுடரில்லாமல் எரிகிறது. அங்கே புகை 600 டிகிரிக்குச் சூடாகி வடிகட்டிக்குள் நுழைகிறது. கரி முன்பக்கத்தில் பற்றி, கனல் பின்பக்கம் நோக்கி நகர்கிறது. சக்கரத்துக்குப் போகாத அந்த டீசல் உங்கள் பணம். ரீஜென் நடக்கும் கிலோமீட்டர்களில் மைலேஜ் தடாலென விழுவது அதனால்தான்.

எவ்வளவு கரி சேர்ந்தால் பற்றவைக்கலாம்? இடைநிலை அளவுள்ள ஒரு காருக்கு 20 முதல் 25 கிராம் என்பது வழக்கமான எல்லை. ஒரு பிஎஸ்-4 கார் சட்டப்படியே ஆயிரம் கிலோமீட்டரில் ஊருக்குள் விட்டிருக்கக் கூடிய கரி அது. இரண்டு சதுர மீட்டர் சுவரில் பரவும்போது அதன் கனம் பத்தில் ஒரு மில்லிமீட்டர்தான். ஏன் நூறு கிராம் வரை காத்திருக்கக் கூடாது என்று கேட்டால், பள்ளி இயற்பியலே பதில் சொல்லும். ஒரு கிராம் கார்பன் எரிந்தால் 32.8 கிலோஜூல் வெப்பம். 25 கிராமுக்கு 820 கிலோஜூல். இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். வடிகட்டியின் எடை இரண்டு கிலோ என்று கொண்டால், அந்த வெப்பம் முழுவதும் பீங்கானிலேயே தங்கிவிட்டால், அதன் வெப்பநிலை ஏறத்தாழ 400 டிகிரி உயரும். ஏற்கெனவே 600. ஆக 1000 டிகிரி, தாங்கும். கரி 50 கிராம் என்றால் 1400 டிகிரி. பீங்கான் விரிசல் விடும், உருகவும் கூடும்.

வெப்பம் முழுவதும் எப்போது பீங்கானிலேயே தங்கும்? கார் வேகமாக ஓடும்போது வாரியடித்துப் போகும் புகையே பெரும்பகுதிச் சூட்டை வெளியே கொண்டுபோய்விடும். மேல்மருவத்தூரில் மூண்ட தீ நடுவில் இருக்கும்போது ஆத்தூர் டோல்கேட் வரிசையில் வண்டி நிற்கிறது என்று வையுங்கள். எஞ்சின் ஐட்லிங்குக்கு இறங்குகிறது. புகையின் ஓட்டம் சட்டென்று குறைகிறது; சூட்டைத் தூக்கிப்போக ஆளில்லை. அதே நேரம், ஐட்லிங்கில் டீசல் எஞ்சின் மிகக் குறைவாகவே எரிபொருளை எரிப்பதால் புகையில் ஆக்சிஜன் கூடுகிறது. தீக்கு ஊட்டம் அதிகம், ஆற்றுவாரில்லை. டிபிஎஃப் பொறியாளர்கள் அஞ்சும் தருணம் இதுதான். 20, 25 என்ற எல்லையே இந்த டோல்கேட் நிமிடத்தை மனத்தில் வைத்துப் போடப்பட்டது. வடிகட்டி அதிலும் பிழைக்க வேண்டும்.

சரி, 25 கிராம் சேர்ந்துவிட்டது என்று காருக்கு எப்படித் தெரியும்? உள்ளே தராசு கிடையாது. இந்தப் பகுதியை நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், ஏனென்றால் டிபிஎஃப்பின் பெரும்பாலான தொல்லைகள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

முதல் வழி, அழுத்தம். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் இரண்டு சிறு குழாய்கள் கிளம்பி ஒரு சென்சாரில் முடிகின்றன. கரி சேரச் சேர முன்பக்க அழுத்தம் கூடும். ஆனால் அழுத்த வேறுபாடு மட்டும் எதையும் சொல்லாது. எவ்வளவு வாயு எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பதும் தெரிய வேண்டும். 1856இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி டார்சி, திஜோன் நகரின் குடிநீர்த் திட்டத்துக்காக மணல் தூண்கள் வழியே தண்ணீரைச் செலுத்தி ஒரு விதியைக் கண்டார்: நுண்துளைகள் வழியே ஓடும் திரவத்தின் வேகம் அழுத்தச் சரிவைப் பொறுத்தது. அந்த விதிதான் இன்று எஞ்சின் கணினிக்குள் உட்கார்ந்து, காற்றின் அளவையும் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் சேர்த்துப் பார்த்துக் கரியை மதிப்பிடுகிறது. ஐட்லிங்கில் சில மில்லிபாரே வேறுபாடு இருப்பதால் மதிப்பீடு தடுமாறும். வேகமாக ஓடினால்தான் நம்பலாம்.

அப்போதும் முழுதாக நம்ப முடியாது. நைட்ரஜன் டை ஆக்சைடு சுவரை ஒட்டிய கரியை முதலில் அரித்துவிட்டால், படலம் சுவரிலிருந்து விட்டுப்போய் ஓட்டைகள் விழும். புகை அந்த ஓட்டைகள் வழியே எளிதாகப் போகும். அழுத்தம் குறையும், கரியோ பெரும்பகுதி உள்ளேயே இருக்கும். சென்சார் “எல்லாம் சுத்தம்” என்று சொல்லும் நேரத்தில் உள்ளே 15 கிராம் கிடக்கலாம்.

ஆகவே இரண்டாவது வழியாக ஒரு கணக்கு. இந்த வேகத்தில், இந்தச் சுமையில், இந்த வெப்பநிலையில் எஞ்சின் வினாடிக்கு எவ்வளவு கரி கக்கும் என்று தொழிற்சாலைச் சோதனையில் அளந்து அட்டவணையாகக் கணினிக்குள் எழுதிவைத்திருக்கிறார்கள். கணினி நொடிக்கு நொடி அதைக் கூட்டுகிறது. நெடுஞ்சாலையில் தானாக எரிந்ததைக் கழிக்கிறது. சென்சார் சொல்வதும் கணக்கு சொல்வதும் தனித்தனி எண்கள். எது முதலில் எல்லையைத் தொடுகிறதோ அதைக் கேட்டு ரீஜென் தொடங்கும். இன்ஜெக்டர் ஒன்று ஒழுகத் தொடங்கினால், டர்போவின் காற்றுக்குழாயில் கீறல் விழுந்தால், உண்மையில் சேரும் கரி அட்டவணையில் உள்ளதைவிடக் கூடிவிடும். கணக்குக்கு அது தெரியாது. டிபிஎஃப் அடைத்துவிட்டது என்று வரும் வண்டிகளில் வடிகட்டியைத் தொடும் முன் இவற்றைப் பார்க்கும் மெக்கானிக் கிடைத்தால் விடாதீர்கள்.

ரீஜென் தொடங்குவதற்கும் நிபந்தனைகள் உண்டு. கூலன்ட் போதிய அளவு சூடாகியிருக்க வேண்டும். பல கார்களில் டீசல் ரிசர்வுக்கு இறங்கியிருந்தால் தொடங்காது. எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் பெரும்பாலும் தொடங்காது. திறந்தபடி சிக்கிக்கொண்ட ஒரு தெர்மோஸ்டாட், சில நூறு ரூபாய்ப் பொருள், எஞ்சினைச் சூடாகவிடாமல் செய்து ஒரு வடிகட்டியையே காவு வாங்கிவிடும்.

வேளச்சேரியிலிருந்து தரமணிக்கு மட்டும் தினம் போய்வரும் டீசல் காரை நினைத்துப் பாருங்கள். எஞ்சின் சூடாகும் முன்பே அலுவலகம் வந்துவிடுகிறது. தானாக எரிய வாய்ப்பே இல்லை, கரி சேர்கிறது. ஒருநாள் மாலை சிக்னல்களுக்கு நடுவே ரீஜென் தொடங்குகிறது, ஐந்தாவது நிமிடம் வீடு வந்து சாவி திருகப்படுகிறது. மறுநாள் மறுபடி தொடக்கம், மறுபடி பாதியில் நிறுத்தம். தாமதமாகப் பீய்ச்சப்பட்ட டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் பட்டு வழிந்து, கீழே எஞ்சின் ஆயிலில் போய்ச் சேர்கிறது. பெட்ரோலாக இருந்தால் எஞ்சின் சூட்டில் ஆவியாகிவிடும். டீசல் லேசில் போகாது. ஆயில் நீர்த்து, உயவுத்தன்மை குறைகிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறைந்தால் எல்லோரும் பதறுவார்கள். கூடினால் யாரும் கவலைப்படுவதில்லை. டிபிஎஃப் காரில் மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால் அன்றைக்கே ஆயிலை மாற்றுவது நல்லது. சில தயாரிப்பாளர்கள் புகைக்குழாயிலேயே தனி இன்ஜெக்டர் வைத்து இந்தத் தொல்லையைத் தவிர்க்கிறார்கள்.

ரீஜென் நடப்பதைக் காட்டிக்கொடுக்கும் தடயங்கள் உண்டு. சிக்னலில் நிற்கும்போது ஆர்பிஎம் வழக்கத்தைவிட நூறு இருநூறு கூடியிருக்கும். ஆட்டோ ஸ்டார்ட்-ஸ்டாப் உள்ள வண்டி அணைய மறுக்கும். அந்த நேர மைலேஜைக் காட்டும் எண் சரியும். சூடான உலோக வாசனை வரும். வண்டியை அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் பேய்போலச் சுற்றும். இதைப் பார்த்தால் முடிந்தவரை இன்னும் பத்து நிமிடம் ஓட்டிவிடுங்கள். மதுரவாயல் பைபாஸ் மாதிரி தடையில்லாத சாலையில் 2000 ஆர்பிஎம்முக்குப் பக்கத்தில், ஒரு கியர் குறைத்துப் போனாலும் சரி. நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் காய்ந்த புல்மேல் நிறுத்தாதீர்கள். நம் கிராமத்துச் சாலைகளில் உளுந்துச் செடியும் வைக்கோலும் காயப்போட்டிருப்பார்கள். அதன்மேல் ரீஜென் நடக்கும் காரை நிறுத்துவது விபரீதம்.

டேஷ்போர்டில் புள்ளிகள் நிறைந்த குடுவை போன்ற ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தால், பல முயற்சி தோற்றுவிட்டது என்று அர்த்தம். அப்போதும் நெடுஞ்சாலையில் ஓர் ஓட்டம் பெரும்பாலும் காப்பாற்றும். அதையும் விட்டால் எஞ்சின் சக்தி குறைக்கப்படும். ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டி, வண்டியை வெட்டவெளியில் நிறுத்தியபடியே எரிக்க வேண்டியிருக்கும். கரி அதற்கும் மேல் போய்விட்டால் எந்தக் கணினியும் தீ வைக்க ஒப்புக்கொள்ளாது. மேலே போட்ட 1400 டிகிரிக் கணக்கு அதற்கும் தெரியும்.

விளக்கு எரியும் வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். கரி எத்தனை கிராம், கடைசி ரீஜென் எத்தனை கிலோமீட்டர் முன்பு, இப்போது எரிகிறதா இல்லையா எல்லாமே எஞ்சின் கணினிக்குள் இருக்கின்றன. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி துளையில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு புளூடூத் கருவியைச் செருகினால், தகுந்த செயலி வழியே பல கார்களில் இந்த எண்களைக் கைபேசியில் பார்க்கலாம். ஒரே ஒரு எண்ணைத்தான் பார்க்க முடியும் என்றால் கடைசி இரண்டு ரீஜென்களுக்கு இடைப்பட்ட தூரத்தைப் பாருங்கள். 400, 600 என்று இருந்தது நாளடைவில் 150க்கு இறங்கினால், விளக்கு எரியப் பல வாரங்கள் முன்பே எஞ்சின் உங்களிடம் முறையிடத் தொடங்கிவிட்டது. பிஎஸ்-6 லாரிகள் பலவற்றில் ரீஜென் பொத்தானே உண்டு. ஓட்டுநர் தனக்குத் தோதான இடத்தில் நிறுத்தி எரித்துக்கொள்ளலாம். லாரி ஓட்டுநரிடம் நம்பி ஒப்படைக்கும் பொறுப்பைப் பல லட்சம் கொடுத்துக் கார் வாங்கியவரிடம் ஒப்படைக்கத் தயங்குவானேன்? பெட்ரோல் பங்க் எங்கே என்று வரைபடம் காட்டும் திரையில் கரிக்கு ஒரு சிறு முள் வைக்க இடமில்லாமலா போய்விட்டது?

“ஹைவேயில் ஓட்டு, எல்லாம் சரியாகிவிடும்” என்ற பொது வைத்தியத்துக்கும் ஒரு விதிவிலக்கு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2015 முதல் 2020 வரை விற்ற ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ டீசல் வண்டிகள் ஏறத்தாழ 2.64 லட்சத்தைப் பற்றி டொயோட்டாவின் மேல் ஒரு கூட்டு வழக்கு நடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டர் அளவில் தொடர்ந்து ஓட்டும்போதே அந்த டிபிஎஃப் அமைப்பு தடுமாறியது. வடிகட்டிக்கு முன்னுள்ள வினையூக்கியின் முகத்தில் படிவு சேர்ந்தது; வெள்ளைப் புகை வந்தது. வண்டிகள் ஏற்கத்தக்க தரத்தில் இல்லை என்று 2022இல் அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே குறை ஓட்டியவரிடம் இல்லை, வடிவமைப்பில் இருந்தது.

எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் எரியாத ஒன்று வடிகட்டியில் மிஞ்சுகிறது: சாம்பல். எஞ்சின் ஆயிலில் சேர்த்துள்ள கால்சியம், துத்தநாகம், பாஸ்பரஸ் சேர்மங்கள் அணுவணுவாக எரிந்து வெள்ளைத் தூளாக வந்து, குழல்களின் கடைசி அடைப்பில் குவிகின்றன. எந்த ரீஜெனும் இதை அசைக்காது. டிபிஎஃப் காருக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும் என்று கையேடு வற்புறுத்துவது இதற்காகத்தான். பழைய வண்டிக்கு வாங்கி மிச்சமிருக்கும் ஆயிலை இதில் ஊற்றிவிடுவது மிக எளிதான, மிகச் செலவு பிடிக்கும் சிக்கனம். பெஜோவின் முதல் வடிகட்டியை 80,000 கிலோமீட்டரில் கழற்றிக் கழுவ வேண்டியிருந்தது, சீரியமும் சாம்பலாகச் சேர்ந்ததால். இன்று ஒன்றரை இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாங்குகிறது. பிறகு கழற்றிக் காற்றாலோ நீராலோ எதிர்த்திசையில் சுத்தம் செய்யலாம்.

அந்தக் கட்டத்தில் சிலர் வேறு யோசனை சொல்வார்கள். புதிய வடிகட்டி சில மாடல்களில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும். அதில் சிறு பங்குக்கு உள்ளே உள்ள பீங்கானை உடைத்தெடுத்துவிட்டு, கணினியின் மென்பொருளையும் மாற்றி எழுதி, எல்லாம் சரியாக இருப்பதுபோல் நம்பவைத்துவிடலாம். ‘டிபிஎஃப் டெலீட்’ என்று அதற்குப் பெயர். வடிகட்டி சரியாகப் பிடிக்கவில்லை என்று கணினி போட வேண்டிய பி2002 பிழைக்குறி பிறகு வரவே வராது. பிரிட்டனில் 2014 பிப்ரவரி முதல் ஆண்டுச் சோதனையில் வடிகட்டி இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கத் தொடங்கினார்கள். பீங்கானை எடுத்தவர்கள் வெளிக்கூட்டை அப்படியே வெல்டு செய்து ஏமாற்றினார்கள். புகையின் கருமையை அளக்கும் பழைய கருவிக்கு, நவீன எஞ்சின் விடும் மெல்லிய புகையில் உள்ள கோடிக்கணக்கான நுண்துகள் கண்ணில் படாது. பெல்ஜியம் 2022 ஜூலையிலும், நெதர்லாந்து 2023 ஜனவரியிலும், ஜெர்மனி 2023 ஜூலையிலும் துகள்களை ஒவ்வொன்றாக எண்ணும் கருவிகளைச் சோதனை நிலையங்களில் வைத்தன. எஞ்சின் ஐட்லிங்கில் இருக்க, சைலன்சரில் ஒரு குழாயை நுழைத்தால் போதும். ஒரு கன சென்டிமீட்டர் புகையில் 2.5 லட்சம் துகளுக்கு மேல் இருந்தால் ஜெர்மனியில் கார் தேறாது. நம் பியூசி நிலையங்களில் ஆக்சிலேட்டரை அழுத்தி, இன்னும் கருமையைத்தான் அளக்கிறோம்.